நீராவி விழுங்கிய ஒளி

விழாவுக்குத் தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் தொழிலாளர் சங்கத் தலைவர், மடிப்பு மேசையின் மாதரசி, நாம் எல்லோரும் 'மடிப்பம்மா' என்று உரிமையோடு அழைக்கும் அம்மையார் அவர்களே. முன்னிலை வகிக்கும் சலவை நிலையத்தின் மேலாளர் அவர்களே. வெண்மையை விளைவிக்கும் வித்தை அறிந்த வெளுப்புப் பிரிவின் வீரர்களே. கொதிக்கும் காற்றில் நின்றுகொண்டு குளிர்ந்த முகம் காட்டும் உலர்த்துகூடத்துத் தோழர்களே. விடுதி விரிப்பு, மருத்துவமனைப் போர்வை என்று வேற்றுமை பாராமல் வரிந்துகட்டி மடிக்கும் தாய்மார்களே. நடுவில் எழுந்து போக வசதியாக வாசல் ஓரமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கும் பெரியவர்களே. இந்த மேடையின் விளிம்பில், பாராட்டப்பட வந்த இடத்தில் தலை நிமிராமல் அமர்ந்திருக்கும் என் உடன்பிறந்த அக்கா அவர்களே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அழைப்பிதழில் என்னை 'வாழ்த்துரை' என்று போட்டிருக்கிறீர்கள். வாழ்த்துரை எழுதித்தான் வந்தேன். அது என் சட்டைப்பையில் இருக்கிறது. அருமையான உரை. அதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் அந்த உரையை நான் இன்று பேசப்போவதில்லை.

கைதட்டாதீர்கள். இது அடக்கம் இல்லை. இன்று எந்த இடத்திலும் கைதட்டாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். கைதட்டலுக்காகவே பிழைப்பு நடத்துகிற ஒருவன் இப்படிக் கேட்கிறான் என்றால், வந்திருக்கும் செய்தி எப்படிப்பட்டது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என் அக்கா மேடையில் பேச மாட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். எங்கள் வீட்டில் வாய் முழுவதும் எனக்கு வந்துவிட்டது, மூளை முழுவதும் அவருக்குப் போய்விட்டது என்று அம்மா சொல்வார். இன்று இங்கே கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீயே சொல்லிடுடா. நான் எழுந்து நின்னா அழுதுடுவேன். நான் அழுதா அவங்க என்னைத் தேத்த ஆரம்பிச்சுடுவாங்க. சொல்ல வேண்டியது அப்படியே நின்னுபோயிடும்."

ஆகவே அவருக்காக நான் நிற்கிறேன். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லப்போகிறேன்.

அன்பர்களே, என் அக்காவின் வேலை என்ன என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? "காத்தை அளக்கிறவங்க" என்கிறது முன்வரிசை. சரிதான். ஆனால் காற்றைப் படியால் அளக்கவில்லை, தராசால் அளக்கவில்லை. ஒளியால் அளக்கிறார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, வேண்டிய வாயுவைக் கொஞ்சம் விட்டு, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே மின்சாரம் பாய்ந்து குழாய் முழுக்க ஊதாவாக மின்னும். அதற்கு மின்னிறக்கம் என்று பெயர். மின்சாரத்தால் அப்படிக் கலகலத்துப்போன வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். பயந்துவிடாதீர்கள், உங்கள் தலைக்கு மேல் எரிகிற டியூப்லைட்டுக்குள் நடப்பதும் அதுதான். எங்கள் வீட்டில் என்னை 'டியூப்லைட்' என்று கூப்பிடுவார்கள், எதுவும் தாமதமாகத்தான் எரியும் என்பதால். அக்கா நிஜமான டியூப்லைட்டை ஆராயக் கிளம்பிவிட்டார். என்னோடு வளர்ந்த பழக்கமாக இருக்கலாம்.

அந்த ஊதா வெளிச்சத்தைக் கண்டு நாமெல்லாம் மயங்குவோம். அக்கா மயங்க மாட்டார். "அதுல மின்னுறது கொஞ்சம் பேர்தான்டா. மிச்சம் எல்லாம் இருட்டுல சும்மா நிக்குது. எனக்கு அந்த இருட்டுல நிக்கிறவங்களை எண்ணணும்" என்பார். எப்படி எண்ணுவது? இருட்டில் நிற்பவரை எப்படி எண்ணுவது? பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு வகை மூலக்கூறுக்கும் பிடித்த நிறம் என்று ஒன்று உண்டு. அந்த நிறத்தில் மட்டும் லேசர் ஒளியைத் துளியாக அனுப்பினால், அந்த வகை மூலக்கூறு மட்டும் அதை விழுங்கும். ஒரு நொடியில் ஒரு சிறு துணுக்கு நேரம் வைத்திருக்கும். பிறகு தன் சொந்த ஒளியாக வெளியே விடும். அதற்குப் பெயர் ஒளிர்வு. 'உள்ளேன் ஐயா' என்று வகுப்பில் சொல்வோமே, அதுதான். எவ்வளவு ஒளிர்வு வருகிறதோ அவ்வளவு மூலக்கூறுகள். ஒளி மிகுந்தால் ஆள் மிகுதி, ஒளி குறைந்தால் ஆள் குறைவு.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மைக் கவிழ்த்தது அதுதான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். முதலாம் உலர்த்துகூடத்தில் எரிவாயு அடுப்புகள் எரிகின்றன. அந்தத் தீயில் காற்று வெந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு பிறக்கிறது. அது மெல்ல மாறி, கண்ணைக் கரிக்கிற, நெஞ்சைக் கிள்ளுகிற இன்னொரு வாயுவாகிறது. இதற்கு ஒரு வழி செய்யச் சொல்லிச் சங்கம் கேட்டது, நிர்வாகம் ஒப்புக்கொண்டது, அக்காவின் ஆய்வுக்கூடம் ஒரு கருவி செய்து கொடுத்தது. கூடத்துக் காற்றை உள்ளே இழுத்து, மின்னிறக்கத்துக்குள் செலுத்தி, அந்த நைட்ரிக் ஆக்சைடை உடைத்து, நல்ல காற்றாக வெளியே விடும் கருவி. ஆய்வுக்கூடத்துக் குழாயில் அது உண்மையிலேயே உடைத்தது. அதில் பொய் இல்லை. அந்தக் குழாயில் ஆக்சிஜன் இல்லை என்பதுதான் பிற்பாடு புரிந்த வித்தியாசம்.

கருவி வருவதற்கு முன் எவ்வளவு வாயு இருக்கிறது, வந்த பின் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும் அல்லவா? முன் அளவு எடுக்க அக்கா லேசரோடு வந்தார். அன்று நடந்ததை மடிப்பம்மா மறந்திருக்க மாட்டார். "ஆய்வுக்கூடத்து அம்மா வர்றாங்க, கூடத்துல ஈரத்துணி ஒண்ணுகூடத் தொங்கக் கூடாது. தரையைத் துடைச்சுக் காய விடுங்க. படிச்சவங்க வந்து நிக்கிற இடம், கசகசன்னு இருக்கலாமா?" என்று ஆணையிட்டார். ஆணை என்றால் எப்படிப்பட்ட ஆணை? நிர்வாகம் சொன்னால் நாளைக்கு நடக்கும், மடிப்பம்மா சொன்னால் நேற்றே நடந்திருக்கும். சிரிக்கிறீர்கள். நிர்வாகமும் சிரிக்கிறது.

கூடம் பளிங்காக இருந்தது. அடுப்புகளை மட்டும் ஏற்றினீர்கள். அக்காவுக்கு நாற்காலி போட்டீர்கள், அவர் உட்காரவே இல்லை. அளந்தார். ஒளிர்வு நிறைய வந்தது. 'பாருங்கள், எவ்வளவு விஷம்' என்று எல்லோரும் நெஞ்சில் கை வைத்தீர்கள்.

பிறகு கருவி வந்தது. வழக்கமான வேலைநாள் ஒன்றில் அக்கா பின் அளவு எடுத்தார். இந்தத் தடவை விருந்தாளிக்காகக் கூடத்தைக் காலி செய்ய முடியவில்லை. மருத்துவமனைப் போர்வைகள் வரிசையாகத் தொங்கின, கூடம் முழுக்க நீராவி. அளந்தார். ஒளிர்வு பத்தில் ஒன்றாகச் சரிந்திருந்தது. அக்கா வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "டேய், வேலை செய்யுதுடா. நிஜமாவே வேலை செய்யுது." அந்த முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன்னும் அவர் முகத்தில் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த எண்ணைச் சுவரில் ஒட்டினீர்கள். எண்ணைப் பார்த்து ஜன்னல்களை மூடினீர்கள். காற்று வெளியே போனால் கருவிக்கு வேலை இல்லை, வெப்பமும் வீண். ஆகவே முதலாம் கூடத்து ஜன்னல்கள் அனைத்தும் அட்டை வைத்து அடைக்கப்பட்டன. யாரையும் குறை சொல்ல முடியுமா? சுத்தமான காற்றை எதற்காக வெளியே விட வேண்டும்? எண் சொன்னது, ஊர் கேட்டது.

சென்ற வாரம் நான் அக்காவிடம் கேட்டேன், இந்த விழாவுக்காக: "பழைய எண்ணையே எத்தனை தடவை சொல்றது? புதுசா ஒண்ணு எடுத்துக் கொடு. மேடையில சொன்னா எடுப்பா இருக்கும்." தம்பியின் தொல்லை தாங்காமல் அக்கா லேசரை எடுத்துக்கொண்டு வந்தார். காலை வேலை தொடங்கிவிட்டிருந்தது. போர்வைகள் தொங்கின. அளந்தார். பழைய எண்ணைவிடவும் நல்ல எண். என்னிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடுப்புகளைக் கவனிக்கும் நம் அடுப்புக்காரர் அருகில் வந்து ஏதோ சொன்னது எனக்கும் கேட்டது. நண்பரே, எங்கே இருக்கிறீர்கள்? தூண் மறைவில் ஒளிய வேண்டாம். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, கொஞ்சம் பொறுங்க. மெஷினுக்கு நான் இன்னும் சுவிட்சே போடலை."

அக்கா தொலைபேசியை அப்படியே வைத்துவிட்டுச் சுவிட்சைப் பார்க்கப் போய்விட்டார். நான் 'அலோ, அலோ' என்று கத்திக்கொண்டிருந்தேன். டியூப்லைட் அல்லவா.

தோழர்களே, கருவி ஓடவில்லை. ஆனாலும் ஒளிர்வு குறைந்திருக்கிறது. அப்படியென்றால் ஒளிர்வைக் குறைத்தது யார்? கருவி இல்லை. காற்று இல்லை. கடவுள் இல்லை. ஈரத்துணியிலிருந்து எழும் நீராவி.

எப்படி என்று கேட்பீர்கள். ஒளியை விழுங்கிய மூலக்கூறு அதை வெளியே விடுவதற்குள், அக்கம்பக்கத்து நீராவி வந்து மோதி, அந்தச் சக்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. மூலக்கூறு அங்கேயேதான் இருக்கிறது. கூப்பிட்டால் எழுந்தும் நிற்கிறது. 'உள்ளேன்' என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பக்கத்து ஆள் வாயைப் பொத்திவிடுகிறான். ஆசிரியர் என்ன செய்வார்? வரவில்லை என்று குறித்துக்கொள்வார். வகுப்பு நிறைந்திருக்கிறது, வருகைப்பதிவோ காலியாகக் கிடக்கிறது. இதற்கு அவர்கள் துறையில் 'தணிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு இதமான சொல். சுரம் தணிந்தது, கோபம் தணிந்தது, தாகம் தணிந்தது என்று நல்லதற்கெல்லாம் சொல்வோம். இங்கே தணிந்தது வெளிச்சம் மட்டும். வாயு தணியவே இல்லை.

இது அக்காவுக்குத் தெரியாதா? தெரியும். அவர் மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடமே இதுதான். குழாய்க்குள் நீராவி இருக்காது. ஆகவே அங்கே அந்தப் பாடத்துக்கு வேலை வராது. இங்கே முன் அளவு காய்ந்த கூடத்தில், பின் அளவு ஈரக் கூடத்தில். நீங்கள் அன்பினால் துடைத்துக் காய வைத்த தரை, எங்கள் கணக்கைக் கெடுத்தது என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. அந்த அன்பைப் பார்த்து, 'இல்லம்மா, வழக்கம்போல ஈரத்துணியைத் தொங்கவிடுங்க' என்று சொல்லியிருக்க வேண்டியவர் அக்கா. சொல்லக் கூச்சமாக இருந்ததாம். "அவ்வளவு ஆசையா பண்ணியிருந்தாங்கடா, எப்படிச் சொல்றது?" என்றார்.

கூச்சம், தோழர்களே. கூச்சம்தான் காரணம்.

அதன் பிறகு அக்கா வீட்டுக்குச் சரியாக வரவில்லை. இந்தத் தடவை எவ்வளவு ஒளி என்று மட்டும் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் ஒளி என்று பார்த்தார். வாயைப் பொத்த ஆள் இருந்தால் ஒளிர்வு சட்டென்று அவியும். இல்லாவிட்டால் நின்று அவியும். அவிகிற வேகத்தை அளந்தால், நீராவி எவ்வளவு பிடுங்கியது என்று தெரியும். அதைத் திருப்பிச் சேர்த்தால் உண்மைக் கணக்கு கிடைக்கும். துணி இருக்கும்போது, இல்லாதபோது, கருவி ஓடும்போது, ஓடாதபோது என்று மாற்றி மாற்றி அளந்தார். கணக்கு வந்தது.

அந்தக் கணக்கைச் சொல்லத்தான் நான் நிற்கிறேன். வாயு குறையவில்லை. கருவி ஓடும்போது அது கொஞ்சம் கூடுகிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மின்னிறக்கம் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் சேர்ந்து அதே வாயுவாகப் பிறக்கின்றன. கருவி போட்டோம், விஷத்தை வளர்த்தோம், ஜன்னலை மூடினோம், அதற்குள் உங்களை நிற்க வைத்தோம்.

யாரோ "ஐயோ" என்கிறீர்கள். சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். நாங்கள் வீட்டில் சொன்ன சொல்லும் அதுதான்.

மேலாளர் அவர்கள் என்னைப் பார்க்கிறார். ஐயா, உங்களிடம் மேடை ஏறும் முன்பே சொல்லியிருக்கலாம். அக்கா வேண்டாம் என்றார். "தனியா சொன்னா, விழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. நானே ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்குவேன்" என்றார். இன்னும் சற்று நேரத்தில் இங்கே ஒரு தீர்மானம் வரப்போகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டாம் கூடத்திலும் அதே கருவியை வைப்பது, இதோ காற்று வந்துகொண்டிருக்கும் இந்த ஜன்னல்களையும் அடைப்பது. ஆதரிப்பவர்கள் கை தூக்க வேண்டும். எல்லாக் கைகளும் எழும் என்று எனக்குத் தெரியும். என் அக்காவின் மேல் உங்களுக்குள்ள மரியாதைக்காகவே எழும். அந்த மரியாதையின் பேரில் கேட்கிறேன்: கையைத் தூக்காதீர்கள். நாளைக் காலை முதல் வேலையாக முதலாம் கூடத்து அட்டைகளைப் பிரித்தெறியுங்கள். கருவியின் இணைப்பை அக்கா நேற்றே பிடுங்கிவிட்டார். வெளியே புகை போக வழி வேண்டும், பெரிய விசிறி வேண்டும். அதை நிர்வாகம் செய்ய வேண்டும். அழகான ஊதா வெளிச்சம் அதில் வராது. போகட்டும்.

இனி நான் பேச வேண்டியது ஒருவரிடம்தான். தலைவர் அம்மையாரே, கொஞ்சம் என் பக்கம் திரும்புங்கள்.

ஜன்னல்களை அடைத்த பிறகு ஒரு நாள் அக்கா கருவியைப் பார்க்க வந்தார். நீங்கள் இருமிக்கொண்டிருந்தீர்கள். அக்காவைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். உங்கள் மேசையில் எல்லோரும் கேலி செய்தார்களாம், 'காத்து சுத்தமாயிடுச்சு, மடிப்பம்மா இன்னும் பழக்கத்தை விடலை' என்று. நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்களாம். பிறகு அக்காவைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னீர்கள்: "மன்னிச்சுக்கம்மா. உங்க மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. நம்பர்தான் சொல்லுதே. என் பாழாப்போன தொண்டைக்குத்தான் நல்ல காத்து ஒத்துக்கலை."

உங்கள் தொண்டை உண்மை சொன்னது. எங்கள் எண் அதன் வாயைப் பொத்தியது. நீங்கள் எண்ணை நம்பி, சொந்தத் தொண்டையைச் சந்தேகப்பட்டீர்கள். சந்தேகப்பட்டதோடு விடாமல் மன்னிப்பும் கேட்டீர்கள். அதற்கு என் அக்கா என்ன பதில் சொன்னார் தெரியுமா, பெரியோர்களே? பெரிய மனசு பண்ணி, "பரவாயில்லம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்தான் அவரைத் தூங்க விடவில்லை. கணக்குப் பிழையைத் திருத்திவிட்டார். கருவியைக் கழற்றிவிடலாம். 'பரவாயில்லை' என்று பெற்றுக்கொண்ட மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? "அவங்க இருமினதுக்கு நான் மன்னிச்சேன்டா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அம்மா, உங்களை எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்ததும் எழுந்து வருவீர்கள். இந்த ஒலிபெருக்கியை வாங்குவீர்கள். கம்மிப்போன அந்தக் குரலில், என் அக்காவின் முகத்தைப் பார்த்துப் 'பரவாயில்லம்மா' என்று சொல்லிவிடுவீர்கள். உங்கள் குணம் அது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதை மட்டும் சொல்லாதீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள். கேள்வி கேளுங்கள். எங்கள் எதிரிலேயே நன்றாக இருமுங்கள், வாயைப் பொத்தாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அக்காவையும் உடன் அழைத்துப்போங்கள். அவர் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும்.

பரவாயில்லாமல் இல்லை, அம்மா. பரவாயிருக்கிறது.

பாராட்டுக்காக நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கேடயத்தை அக்கா பெற்றுக்கொள்ள மாட்டார். மன்னிக்க வேண்டாம், புரிந்துகொண்டால் போதும். நல்ல செய்தி கேட்க வந்து, கெட்ட செய்தியை எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும், வாசல் ஓரத்துப் பெரியவர்கள் உட்பட, என் நன்றி. வணக்கம்.